பூமியின் சூட்டைக் கேட்டால் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்களே, ஏன்?

புவிவெப்பத் திட்டம் ஒன்றை நகராட்சியோ தொழிற்சாலையோ அறிவித்த பிறகு, அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது எந்த இயந்திரமும் அல்ல. நிலத்தடி நீர் ஆய்வாளர்கள்தான் வருகிறார்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டம் அளக்கிறார்கள், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறார்கள், இரவு பகலாக மோட்டாரை ஓடவிட்டுக் குறிப்பெடுக்கிறார்கள். சில இடங்களில் இந்த வேலை மாதக்கணக்கில் நீளும். “நமக்கு வேண்டியது சூடு. பூமிக்கடியில்தான் அது தாராளமாக இருக்கிறதே, தண்ணீர் ஆய்வுக்கு எதற்கு இவ்வளவு செலவு?” என்று பணம் கொடுப்பவர்கள் கேட்பது இயல்பு.

செய்திகள் இன்னொரு பக்கம் குழப்புகின்றன. ஒரு நாள் புவிவெப்பம் தீராத சுத்தமான ஆற்றல் என்று படிக்கிறோம். மறுநாள் அதனால் நிலநடுக்கம் வந்தது, வீடுகள் விரிசல் விட்டன என்று படிக்கிறோம். இரண்டு செய்திகளுமே உண்மைதான். ஆனால் அவை ஒரே தொழில்நுட்பத்தைப் பற்றியவை அல்ல. அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் இது பிடிபடும்.

வெப்பம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு மேலே வருகிறது

பூமிக்குள் இருக்கும் வெப்பத்தில் ஒரு பகுதி, கோள் உருவானபோதே தங்கிவிட்டது. மற்றது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் உண்டாகிக்கொண்டிருக்கிறது. சாதாரண நிலப்பகுதியில் ஒரு கிலோமீட்டர் கீழே போனால் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடும். எரிமலைப் பகுதிகளில் இது பல மடங்கு வேகமாக ஏறும்.

இதைக் கேட்டவுடன் “அடேயப்பா” என்று தோன்றும். ஆனால் அந்த வெப்பம் மேலே வரும் வேகத்தைப் பாருங்கள். கண்டங்களில் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 65 மில்லிவாட்தான் வருகிறது. 100 சதுர மீட்டர் மனையின் கீழிருந்து வருவது 6.5 வாட். ஒரு சின்ன எல்இடி பல்புக்குக் காணும், அவ்வளவுதான். ஓராண்டு முழுக்கச் சேர்த்தால் 57 யூனிட் வரும்.

குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு 10 கிலோவாட் வெப்பம் தேவை, வெப்பமூட்டி ஆண்டுக்கு 1,800 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தேவை 18,000 யூனிட். அதில் கால் பங்கு வெப்ப பம்பை ஓட்டும் மின்சாரத்திலிருந்து வரும் (அதைக் கீழே பார்ப்போம்). முக்கால் பங்கு, அதாவது 13,500 யூனிட், நிலத்திலிருந்து வர வேண்டும். கீழிருந்து கிடைப்பதோ 57. மீதி எங்கிருந்து வரும்?

பாறையும் மண்ணும் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் வெப்பத்திலிருந்து வரும். சுற்றுப்புறத்திலிருந்து பக்கவாட்டில் வரும். மேலிருந்து வெயிலும் மழையும் கொண்டுவரும். பல இடங்களில் பெரும்பங்கைக் கொண்டுவருவது, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் நிலத்தடி நீர். ஆக, ஆழம் குறைந்த புவிவெப்பம் என்பது பெரும்பாலும் ஒரு சேமிப்புக் கணக்குதான். அதில் யார் எவ்வளவு போடுகிறார்கள், எவ்வளவு வேகமாகப் போடுகிறார்கள் என்று தெரியாமல் எடுக்க ஆரம்பித்தால் சில ஆண்டுகளில் இருப்பு கரையும்.

ஒரே பெயரில் மூன்று விஷயங்கள்

செய்திகளில் எல்லாவற்றுக்கும் ‘புவிவெப்பம்’ என்ற ஒரே சொல்தான். ஆனால் உள்ளே இருப்பவை மூன்று.

1. ஆழம் குறைந்த வகை. சில மீட்டரிலிருந்து 300, 400 மீட்டர் வரை. 10, 15 மீட்டருக்குக் கீழே கோடை, குளிர்காலம் என்ற வித்தியாசம் அழிந்துவிடும். அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிலம் ஆண்டு முழுக்க இருக்கும். குளிர் நாட்டில் அது 10 டிகிரியாக இருக்கலாம், வெப்ப நாட்டில் 27. இந்த மிதமான சூட்டை வெப்ப பம்ப் வழியாகக் கட்டடத்தைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ பயன்படுத்துகிறார்கள். மின்சாரம் கிடைக்காது, மின்சாரச் செலவு குறையும்.

2. ஆழமான வெந்நீர் அடுக்குகள். பாரிஸ் நகரத்தைச் சுற்றி 1,500 முதல் 2,000 மீட்டர் ஆழத்தில் ‘டோகர்’ எனப்படும் சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருக்கிறது. அதில் 60 முதல் 80 டிகிரி சூட்டில் உப்புநீர் நிற்கிறது. அதை மேலே எடுத்து, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, நீரைத் திரும்பக் கீழே அனுப்புகிறார்கள். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குச் சூடு தருவதும் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர்தான்.

3. மின்சாரத்துக்கான மிகை வெப்பம். இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904இல் நிலத்து நீராவியைக் கொண்டு ஐந்து பல்புகளை எரித்துக் காட்டினார் தொழிலதிபர் ஜினோரி கோந்தி. 1913இல் அங்கே 250 கிலோவாட் மின்நிலையம் வந்தது. இயற்கையாகவே நீராவி இருக்கும் இடங்கள் குறைவு. அதனால் சூடான ஆனால் வறண்ட பாறைக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி விரிசல்களைத் திறக்கும் முறையும் வந்தது. நிலநடுக்கச் செய்திகள் பெரும்பாலும் இந்தக் கடைசி முறையோடு தொடர்புடையவை.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் 120 மீட்டர் துளை போடுகிறார்கள் என்ற செய்திக்குக் கீழே “நிலநடுக்கம் வரும்” என்று பயப்படுவது, முதல் வகையையும் மூன்றாவது வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது. முதல் வகையில் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. அதன் ஆபத்து வேறு மாதிரி. அதற்கு வருவோம்.

வெப்ப பம்ப்: ஒரு பத்தி போதும்

குளிர்சாதனப் பெட்டி உள்ளேயிருந்து வெப்பத்தை எடுத்துப் பின்பக்கம் விடுகிறது அல்லவா, அதே வேலைதான். இங்கே வெப்பம் நிலத்திலிருந்து எடுக்கப்பட்டு, சூடேற்றப்பட்டு, கட்டடத்துக்குள் விடப்படுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்து மூன்று முதல் ஐந்து யூனிட் வெப்பம் வரை பெறலாம். நிலத்தின் வெப்பநிலை இறங்க இறங்க இந்த விகிதமும் இறங்கும். கோடையில் இதைத் திருப்பி ஓட்டினால் கட்டடத்தின் சூடு நிலத்துக்குள் போகும்.

தண்ணீர் ஏன் நடுவில் வருகிறது

நிலத்தில் தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கடத்துகிறது. இன்னொன்று, சுமந்து செல்கிறது.

கடத்துவதை முதலில் பார்ப்போம். மணலின் துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால் வெப்பம் தத்தித் தத்தித்தான் போகும். அங்கே தண்ணீர் நிறைந்தால் கதையே மாறும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதே காரணம். உலர்ந்த மணலின் வெப்பக் கடத்துதிறன் 0.4 என்றால், அதே மணல் நீரில் ஊறியபின் 2.4 வரை போகும். ஒரே மணல், ஆறு மடங்கு வித்தியாசம். மேற்கட்டுமானம் எதையும் மாற்றாமல், நீர்மட்டம் 10 மீட்டரில் இருக்கிறதா 60 மீட்டரில் இருக்கிறதா என்பதை வைத்தே துளையின் நீளம் மாறிவிடும்.

முன்பு சொன்ன 10 கிலோவாட் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து 7.5 கிலோவாட் வேண்டும். ஒரு மீட்டர் துளைக்கு 50 வாட் கிடைக்கும் நல்ல ஈரப் பாறை என்றால் 150 மீட்டர் போதும். 30 வாட்தான் கிடைக்கும் வறண்ட நிலம் என்றால் 250 மீட்டர். துளை போடும் கூலி மீட்டர் கணக்கு என்பதால், ஆய்வை மிச்சம் பிடித்தவர் இங்கே அதைவிட அதிகமாகக் கொடுப்பார். அல்லது கொடுக்காமல் 150 மீட்டரோடு நிறுத்திவிட்டு, மூன்றாவது குளிர்காலத்தில் இயந்திரம் சரியில்லை என்று திட்டுவார். என் கணிப்பில், ‘புவிவெப்பம் நமக்குச் சரிப்படாது’ என்று சொல்லப்படும் கதைகளில் பல இப்படித் தொடங்கியவை.

சுமந்து செல்வது இதைவிடச் சுவாரசியமானது. நிலத்தடி நீர் ஓடும் வேகத்துக்கு அடிப்படைக் கணக்கைத் தந்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி. தீஜோன் நகரத்தின் குடிநீர் ஏற்பாட்டுக்காக மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டுச் சோதித்து, 1856இல் வெளியிட்டார். மணலின் ஊடுருவுதிறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். அதைத் துளைவெளியின் அளவால் வகுத்தால் நீரின் உண்மையான வேகம்.

ஒரு கரடுமுரடான மணல் அடுக்கு. ஊடுருவுதிறன் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர். நீர்மட்டம் 1,000 மீட்டருக்கு 2 மீட்டர் சரிகிறது. துளைவெளி 20 சதவீதம். கணக்குப் போட்டால் நீர் நாளைக்கு 86 சென்டிமீட்டர் நகர்கிறது. ஓராண்டில் ஏறக்குறைய 315 மீட்டர். அதோடு போகும் சூடோ குளிர்ச்சியோ அவ்வளவு வேகமாகப் போகாது; வழியில் ஒவ்வொரு மணல் துகளையும் சூடேற்றி, குளிர்வித்து, மெதுவாகத்தான் போகும். இந்த மாதிரி மணலில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேகம், அதாவது ஆண்டுக்கு 100 மீட்டர்.

இதில் நல்லது கெட்டது இரண்டும் உண்டு. ஓடும் நீர் நம் துளையைச் சுற்றிய நிலத்துக்குப் புதிய சூட்டைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். நம் சேமிப்புக் கணக்கில் யாரோ தினமும் பணம் போடுவது மாதிரி. ஆனால் நாம் குளிர்வித்த நீர் அடுத்த ஆண்டு 100 மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து மனைக்காரரின் துளைக்குப் போய்ச் சேரும். சுவிட்சர்லாந்தின் நீர்ப் பாதுகாப்பு விதி இதற்காகவே ஓர் எல்லை வைத்திருக்கிறது: 100 மீட்டருக்கு அப்பால் நிலத்தடி நீரின் வெப்பநிலை 3 டிகிரிக்கு மேல் மாறக் கூடாது.

ஆய்வு என்றால் என்ன செய்கிறார்கள்

விலைப்புள்ளியில் ‘நீரியல் ஆய்வு’ என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். அதற்குள் இருப்பவை இவை.

1. ஏட்டு ஆய்வு. புவியியல் வரைபடம், பழைய கிணறுகளின் பதிவுகள், குடிநீர்ப் பாதுகாப்பு எல்லைகள். செலவு குறைவு, பலன் அதிகம். பல திட்டங்கள் இந்த மேசையிலேயே நியாயமாக நின்றுவிடும்.

2. மேலிருந்து அளத்தல். நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் பாய்ச்சி மின்தடையைப் பார்ப்பார்கள். ஈரமான களிமண்ணிலும் உப்புநீரிலும் தடை குறைவு, உலர்ந்த பாறையில் அதிகம். இது ஊகத்துக்கு உதவும். துளைக்கு மாற்று இல்லை. உப்புநீரும் களிமண்ணும் கருவியில் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும் என்பதை அறிக்கைகள் சத்தமாகச் சொல்வதில்லை. குச்சியைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பவரைவிட இது எவ்வளவோ மேல், ஆனால் இதை மட்டும் நம்பிக் கட்டடம் கட்ட முடியாது.

3. சோதனைத் துளை. ரிக் ஓடும்போது வெளியே வரும் மண்ணையும் கல்பொடியையும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனிப் பையில் எடுத்து வரிசையாக வைப்பார்கள். சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று நிறம் மாறும் இடம், பொடி சட்டென்று சேறாகும் இடம், வெளியே வரும் நீரின் அளவு திடீரென்று கூடும் இடம், இவையெல்லாம் குறிப்பேட்டில் ஏறும். அனுபவமுள்ள துளைக்காரர் சத்தத்தை வைத்தே பாறை மாறியதைச் சொல்லிவிடுவார். அதுவும் ஒரு தகவல்தான், எழுதி வைத்தால்.

4. நீரோட்டத் திசை. இதற்குக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும், அதுவும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல். மூன்றின் வாய்மட்டத்தையும் ஒரே அடிப்படையிலிருந்து சென்டிமீட்டர் துல்லியத்தில் அளந்து, நீர்மட்டத்தைக் கழித்தால் நீரின் உண்மை உயரம் வரும். மூன்று புள்ளிகளிலிருந்து சரிவும் திசையும் கிடைத்துவிடும். ஒரு கிணற்றை மட்டும் அளந்துவிட்டு ‘நீர் கிழக்கே ஓடுகிறது’ என்று எழுதும் அறிக்கையை நம்ப வேண்டாம்.

5. இறைப்புச் சோதனை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு கிணற்றில் ஓய்வு நீர்மட்டம் தரையிலிருந்து 8 மீட்டர் கீழே. வினாடிக்கு 5 லிட்டர் என்று மாறாத அளவில் மோட்டாரை ஓட்டுகிறார்கள். முதல் சில நிமிடங்கள் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் மட்டம் வேகமாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் 9.5 மீட்டர். பத்து மணி நேரத்தில் 10.1. ஒரு நாள் கழித்து 10.2, அங்கேயே நிற்கிறது. இது நல்ல செய்தி. இறைப்பதற்கு ஈடாகச் சுற்றிலுமிருந்து நீர் வருகிறது. இதே கிணறு பத்தாவது மணி நேரத்துக்குப் பிறகு திடீரென்று வேகமாக இறங்க ஆரம்பித்தால், நீர்த்தாங்கி அடுக்கு பக்கத்தில் எங்கோ ஒரு களிமண் சுவரில் முடிந்துவிட்டது என்று பொருள். மூன்று மணி நேரச் சோதனையில் இது தெரியவே தெரியாது. அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட்டு, மட்டம் பழைய இடத்துக்கு ஏறுவதையும் அளப்பார்கள். மோட்டாரின் ஏற்ற இறக்கம் கலக்காததால் அந்தப் பகுதிதான் பெரும்பாலும் நம்பகமானது. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

6. நீரின் வேதியியல். அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை ஆகியவற்றைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து ஆய்வகம் போவதற்குள் அவை மாறிவிடும். இரும்பு, மாங்கனீசு, சுண்ணாம்பு, உப்பு ஆகியவற்றை ஆய்வகத்தில் பார்க்கலாம்.

7. வெப்பத் துலங்கல் சோதனை. நிலத்தடி நீரைத் தொடாமல் குழாய்க்குள்ளேயே திரவம் சுற்றும் மூடிய குழாய் வகைக்கு இதுதான் உயிர். 1983இல் மோகன்சென் என்ற ஆய்வாளர் முன்வைத்த யோசனை. 1990களின் நடுவில் சுவீடனிலும் அமெரிக்காவின் ஒக்லஹோமாவிலும் நகரும் கருவியாக மாறியது. துளையில் குழாயை இறக்கி மூடியபின், நீரைச் சுற்றவிட்டு மாறாத அளவில் சூடேற்றுவார்கள், இரண்டு மூன்று நாட்கள். வெப்பநிலை முதலில் விறுவிறுவென்று ஏறி, பிறகு தளர்ந்து ஏறும். நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் அது நேர்கோடாகிவிடும். 100 மீட்டர் துளை, 6,000 வாட் சூடு, கோட்டின் சாய்வு 2 என்றால் நிலத்தின் கடத்துதிறன் 2.4 வரும். சாய்வு அதிகம் என்றால் நிலம் சூட்டை வாங்க மறுக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் கோடு ஏறாமல் படுத்துவிட்டால்? ஓடும் நிலத்தடி நீர் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. எண் அழகாக வரும், ஆனால் அது பாறையின் குணம் அல்ல, நீரோட்டத்தின் குணம். பக்கத்தில் யாராவது பெரிய அளவில் இறைக்க ஆரம்பித்து ஓட்டம் மாறினால் அந்த அழகும் மாறும்.

மூடிய சுற்று, திறந்த சுற்று

மூடிய சுற்றில் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒரு திரவம் மட்டும் சுற்றி வரும். நிலத்தடி நீரைத் தொடாது. திறந்த சுற்றில் ஒரு கிணற்றிலிருந்து நீரையே எடுத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு கிணற்றில் விடுவார்கள்.

திறந்த சுற்றின் பலம் பெரிது. மேலே பார்த்த அந்த வினாடிக்கு 5 லிட்டர் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரை 4 டிகிரி குளிர்வித்தால் 84 கிலோவாட் கிடைக்கும். அதையே மூடிய துளைகளில் எடுக்க, மீட்டருக்கு 50 வாட் என்றாலும், 1,680 மீட்டர் துளை வேண்டும். ஒரு கிணற்றுச் சோடி, 100 முதல் 150 மீட்டர் ஆழமுள்ள 11 முதல் 17 துளைகளுக்குச் சமம்.

ஆனால் இரண்டு இடங்களில் இது காலை வாரும்.

முதலாவது, விட்ட நீர் எடுத்த கிணற்றுக்கே திரும்பி வருவது. கிணறுகள் நெருக்கமாக இருந்தாலோ, விடும் கிணறு ஓட்டத்தின் மேல்பக்கம் இருந்தாலோ குளிர்ந்த நீர் சுற்றிச் சுற்றி வந்து, ஆண்டுக்கு ஆண்டு இயந்திரத்துக்கு வரும் நீர் குளிர்ந்துகொண்டே போகும். பாரிஸ் பகுதியில் 1969இல் மெலனில் தொடங்கிய முதல் கிணற்றுச் சோடியிலிருந்தே இந்த இடைவெளிக் கணக்குதான் வடிவமைப்பின் மையம். ஆழத்தில் இரண்டு துளைகளின் அடிமுனைகளையும் வெகுதூரம் பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, அடைப்பு. ஆக்சிஜன் இல்லாத ஆழத்து நீரில் இரும்பு கரைந்து கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். காற்று பட்டவுடன் துருவாகிச் செம்பழுப்புச் சேறாகும். எடுக்கும் கிணற்றுக்குப் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. விடும் கிணற்றின் வடிகுழாய்த் துளைகள்தான் அடைபடும். சுண்ணாம்பு அதிகமுள்ள நீரைச் சூடேற்றினால் வெப்பமாற்றியில் படிவு ஏறும். இந்த இரண்டும் ஒரு பாட்டில் தண்ணீரில் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயங்கள்.

ஆய்வில் பிடிபடாமல் போனால்: ஐந்து இடங்கள்

ஜெர்மனியின் தென்மேற்கில் ஸ்டௌஃபன் என்ற சிறு நகரம். 2007 செப்டம்பரில், புதுப்பித்த நகரமன்றக் கட்டடத்துக்காக 140 மீட்டர் வரை ஆழமான ஏழு துளைகளைப் போட்டார்கள். முதல் வகை, அதாவது ‘சாதுவான’ வகை. கீழே அன்ஹைட்ரைட் என்ற கனிமம் அடங்கிய அடுக்கு இருந்தது. அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர். சரியாக அடைபடாத துளைகளின் வழியே அந்த நீர் மேலேறி அன்ஹைட்ரைட்டைத் தொட்டது. நீரைக் குடித்த அன்ஹைட்ரைட் ஜிப்சமாக மாறும்; மாறும்போது கனஅளவு 60 சதவீதம் வரை கூடும். ரொட்டி மாவு உப்புவது மாதிரி நிலம் உப்ப ஆரம்பித்தது, தொடக்கத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சில ஆண்டுகளில் அரை மீட்டருக்கும் மேல் உயர்ந்த இடங்கள் உண்டு. 250க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ‘ஸ்டௌஃபன் உடைந்துவிடக் கூடாது’ என்ற வாசகம் விரிசல் விட்ட சுவர்களிலேயே ஒட்டப்பட்டது. துளைகளை மறுபடி அடைத்து, கீழிருக்கும் நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தியபின் நிலம் உப்பும் வேகம் குறைந்தது. மருந்தும் நிலத்தடி நீர் வேலைதான் என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ‘கிரவுட்’ எனப்படும் அடைப்புக் கலவையின் முக்கியத்துவம் தெரியும். துளைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே பெண்டோனைட் என்ற களிமண்ணும் சிமென்டும் சேர்ந்த கலவையை அடியிலிருந்து மேலாக நிரப்புவார்கள். 150 மில்லிமீட்டர் விட்டம், 100 மீட்டர் ஆழம், உள்ளே 32 மில்லிமீட்டர் குழாய்கள் நான்கு என்றால், தேவைப்படும் கலவை ஏறக்குறைய 1,450 லிட்டர். 3,000 லிட்டர் ஊற்றியும் வாய்க்கு வரவில்லை என்றால் கீழே ஒரு பொந்து கலவையைக் குடிக்கிறது. 900 லிட்டரிலேயே நிரம்பிவிட்டது என்றால் நடுவில் எங்கோ வெற்றிடம். எவ்வளவு கணக்கு, எவ்வளவு உண்மையில் போனது என்ற இந்த இரண்டு எண்களைக் கேட்டு வாங்குவதற்கு நிபுணத்துவம் தேவையில்லை.

நியூசிலாந்தின் வைராகெய் மின்நிலையம் 1958இல் தொடங்கியது. எடுத்த நீரைத் திரும்ப உள்ளே விடாமல் நீண்ட காலம் இறைத்ததால் அழுத்தம் குறைந்து, ஓரிடத்தில் நிலம் சுமார் 15 மீட்டர் தாழ்ந்தது. கலிபோர்னியாவின் கைசர்ஸ் என்ற புவிவெப்ப மின்உற்பத்திப் பகுதியில் நீராவி 1980களின் இறுதியில் சரிந்தது. சூடு தீரவில்லை, தண்ணீர்தான் தீர்ந்தது. 1997 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து உள்ளே செலுத்துகிறார்கள். 2003 முதல் சான்டா ரோசா நகரத்தின் கழிவுநீரும் அங்கே போகிறது.

மூன்றாம் வகையின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசெலில் 5 கிலோமீட்டர் துளையில் உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்தியபோது 2006 டிசம்பர் 8 அன்று 3.4 அளவு நடுக்கம் வந்தது. திட்டம் 2009இல் கைவிடப்பட்டது. தென் கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று வந்தது அதைவிடப் பெரிது, 5.5. நீர் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று 2019 மார்ச்சில் அரசு அமைத்த குழு முடிவு சொன்னது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளவின் இடுக்கில் நீரழுத்தம் கூடினால், இரண்டு பக்கப் பாறையையும் பிடித்து வைத்திருக்கும் உராய்வு குறைந்து பிளவு வழுக்கிவிடும். இதற்கும் வீட்டு முற்றத்துக் குழாய்க்கும் சம்பந்தமில்லை.

திட்டமிடல்: எடுப்பதும் போடுவதும்

ஆய்வு எண்களைத் தரும். அவற்றை வைத்து 25, 50 ஆண்டுகளுக்கு நிலம் என்ன ஆகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது திட்டமிடல். குளிர்காலத்தில் சூட்டை எடுத்து, கோடையில் கட்டடத்தின் சூட்டை உள்ளே விட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகும். சூடேற்ற மட்டும் பயன்படுத்தினால் நிலம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் குளிரும். குளிர்விக்க மட்டும் பயன்படுத்தினால் சூடேறும். வெப்ப நாடுகளில் இரண்டாவதுதான் பிரச்சினை. 27 டிகிரி நிலத்தில் ஆண்டு முழுக்கச் சூட்டைக் கொட்டினால், சில ஆண்டுகளில் காற்றில் விடும் சாதாரண ஏசியைவிடப் பெரிய லாபம் இருக்காது. நீரோட்டம் நன்றாக இருந்தால் மட்டும் இதிலிருந்து தப்பலாம்.

ஒரே ஒரு துளைக்கு இந்தக் கவலை குறைவு. நூறு துளைகள் கொண்ட வளாகத்தில் நடுவில் இருக்கும் துளைக்குப் பக்கவாட்டிலிருந்து சூடு வர வழியே இல்லை. எல்லாப் பக்கமும் பசித்த துளைகள். அதனால்தான் தனி வீட்டுக்குப் பொருந்திய ‘மீட்டருக்கு 50 வாட்’ கணக்கைப் பெருக்கி வளாகத்துக்குப் போடக் கூடாது.

அறிக்கை கைக்கு வந்தால் கேட்க வேண்டியவை:

1. நீர்மட்டம் எந்த மாதத்தில் அளந்தது? மழைக்குப் பின் மட்டுமா, வறட்சியின் முடிவிலும் உண்டா?

2. துளை ஒன்றுக்கு மேற்பட்ட நீரடுக்குகளைக் கடக்கிறதா? அவற்றின் அழுத்தம் வேறு வேறா? அப்படியானால் அவை கலக்காமல் இருக்க என்ன ஏற்பாடு?

3. ஜிப்சம், அன்ஹைட்ரைட், உப்பு, சுண்ணாம்புக் குகை ஆகியவற்றுக்கு வாய்ப்பு உண்டா? துளைக்கும்போது தென்பட்டால் எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று முன்பே எழுதப்பட்டிருக்கிறதா?

4. ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் யாருடைய கிணறு இருக்கிறது?

கடைசிக் கேள்விக்கு ஒரு துணை ஏற்பாடு உண்டு. கீழ்ப்பக்கம் ஒரு கண்காணிப்புக் கிணறு போட்டு, நீர்மட்டத்தையும் வெப்பநிலையையும் தானாகப் பதியும் விரல் நீளக் கருவியைத் தொங்கவிடுவார்கள். இதைத் திட்டம் ஓடத் தொடங்கிய பிறகு வைப்பதில் பாதிப் பயன்தான். துளை போடுவதற்கு முந்தைய ஒரு முழு ஆண்டின் பதிவு கையில் வேண்டும். அது இல்லையென்றால், ஐந்து ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மனைக்காரர் “என் கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்துபோச்சு” என்று வந்து நிற்கும்போது, முன்பு அது எத்தனை டிகிரி இருந்தது என்பதை அவராலும் நிரூபிக்க முடியாது, திட்டக்காரராலும் மறுக்க முடியாது.